ஒன்பதாவது இன்னிங்சில் நடந்தது அதிசயமா? குளச்சல் தம்பிக்கு ஒரு பழைய கேட்சரின் பதில்

கேள்வியின் தலைப்பில் ‘இது எவ்வளவு அபூர்வம், யாராவது கணக்கு சொல்லுங்கள்’ என்று எழுதியிருக்கிறீர்கள். கீழே உள்ளதைப் படித்தால் கேள்வி கணக்கோடு நிற்கவில்லை. 2025 நவம்பர் 2, ஞாயிற்றுக்கிழமை, கல்லறைத் திருநாள். குளச்சலில் உங்கள் வீட்டில் காலை ஐந்தரை மணியிலிருந்து கைபேசியில் பேஸ்பால் உலகத் தொடரின் (அமெரிக்க முதல்நிலை லீக்கின் இறுதித் தொடர், நான்கு ஆட்டம் வெல்பவருக்குக் கோப்பை) ஏழாவது ஆட்டத்தைப் பார்த்துக்கொண்டிருந்தீர்கள். டொராண்டோ ப்ளூ ஜேஸ் 4, உங்கள் லாஸ் ஏஞ்சலிஸ் டாட்ஜர்ஸ் 3. ஒன்பதில் கடைசி இன்னிங்ஸ், மூன்று அவுட் ஆனால் ஓர் அணியின் முறை முடியும், டாட்ஜர்ஸுக்கு இன்னும் இரண்டு அவுட் மீதம். அம்மா கோவிலுக்கு மூன்றாம் முறை கூப்பிட்டுவிட்டார்கள். கதை முடிந்தது என்று வாசலில் செருப்பை மாட்டும் நேரத்தில் டாட்ஜர்ஸின் மிகேல் ரோஹாஸ் அடித்த பந்து வேலியைத் தாண்டியது, ஹோம் ரன். ஆட்டம் 4-4 என்று சமன் ஆகி, ஒன்பது இன்னிங்சுக்கு மேலும் நீண்டது. பத்து மணியை நெருங்கும்போது 11ஆவது இன்னிங்சில் டாட்ஜர்ஸ் 5-4 என்று வென்றது. அதன் பிறகு கல்லறைத் தோட்டத்தில் பாட்டிக்கு மெழுகுவர்த்தி ஏற்றப் போன இடத்தில் கை நடுங்கி, சிரிப்பும் கண்ணீரும் சேர்ந்து வர, உறவினர்கள் முன்னால் வெட்கப்பட்டு நின்றிருக்கிறீர்கள். ஆக, நடக்கவே முடியாத ஒன்றைப் பார்த்தேனா, அது ஏன் என்னை இப்படி உலுக்கியது, நேரில் பார்த்திராத ஊரின் அணிக்காக இப்படி ஆவது கிறுக்குத்தனமா என்பவைதான் நீங்கள் உண்மையில் கேட்பவை.

பதில் சொல்ல எனக்கு என்ன தகுதி என்பதையும் சொல்லிவிடுகிறேன். இதே மாவட்டத்தில் உடற்கல்வி ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவன். படிக்கும் காலத்தில் சாஃப்ட்பாலும் பிறகு பேஸ்பாலும் ஆடியவன், ஆடிய இடம் கேட்சர், அதாவது மட்டையாளருக்குப் பின்னால் குந்தியிருந்து பந்தைப் பிடிப்பவர். அந்த இடத்தில் உட்கார்ந்து பழகியவனுக்கு முழங்கால் வலியோடு ஒரு பார்வையும் மிஞ்சும்: மைதானத்தில் உள்ள ஒன்பது பேரில் எல்லோரையும் எதிரே பார்த்து ஆடுகிறவன் அவன் ஒருவன்தான். மனித உடலைப் பற்றி ஓர் உடற்கல்வி ஆசிரியருக்குத் தெரிந்த அளவு தெரியும், மருத்துவர் இல்லை. இன்னொன்றையும் மறைக்க வேண்டாம். அந்தக் காலையில் நான் டொராண்டோ பக்கம். ஆகவே என் பதிலில் கொஞ்சம் புளிப்பு இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் கணக்கு. இது ஓரளவு உறுதியாகச் சொல்லக்கூடிய பகுதி. உயர்மட்ட பேஸ்பாலில் ஓர் இன்னிங்சில் ஒருவர் அவுட் ஆகி, பேஸ்களில் (மட்டையாளர் ஓடித் தொட வேண்டிய மூன்று முனைகள்; அவற்றைக் கடந்து தொடங்கிய இடமான ஹோம் பிளேட்டுக்குத் திரும்பினால் ஒரு ரன்) யாரும் இல்லாத நிலையில் இருந்து அந்த இன்னிங்ஸ் முடிவதற்குள் ஒரு ரன்னாவது வருவதற்கான வாய்ப்பு ஏறத்தாழ ஆறில் ஒன்று. பல்லாயிரம் ஆட்டங்களின் பதிவிலிருந்து எடுத்த சராசரி இது. ரோஹாஸ் மட்டையோடு வந்து நின்றபோது நிலைமை அதுதான். ஆனால் அந்த ஒரு ரன் வந்தாலும் ஆட்டம் சமன் ஆகும், அவ்வளவே. டாட்ஜர்ஸ் வெளியூர் அணி, அடுத்து டொராண்டோ தன் ஒன்பதாவது இன்னிங்சை ஆட வரும். அதனால் வெற்றி வாய்ப்பு அந்த ஆறில் ஒன்றிலும் ஏறக்குறைய பாதிதான். எட்டு சதவீதம் என்று வைத்துக்கொள்ளலாம். ‘செயலியில் பத்துக்கும் கீழே காட்டியது’ என்று எழுதியிருக்கிறீர்கள். அந்த எண் பொய் சொல்லவில்லை.

எட்டு சதவீதம் என்றால் அதிசயமா? இங்கேதான் பலர் வழுக்குகிறார்கள். அமெரிக்க முதல்நிலை லீக்கில் 30 அணிகள், ஒவ்வொன்றுக்கும் 162 ஆட்டங்கள், ஆக ஒரு பருவத்தில் மொத்தம் 2430 ஆட்டங்கள். அந்தச் சதவீதம் ஒழுங்காகக் கணிக்கப்பட்டது என்றால், முடிவில் வெல்கிற அணி ஆட்டத்தின் ஏதோ ஒரு கட்டத்தில் எட்டு சதவீதத்துக்கு இறங்கியிருப்பது சுமார் பன்னிரண்டு ஆட்டங்களுக்கு ஒரு முறை நடந்தாக வேண்டும். எப்படி என்றால், தொடக்கத்தில் இரு அணிக்கும் ஐம்பது ஐம்பது. எட்டு சதவீதத்தைத் தொட்ட அணிகளில் நூற்றுக்கு எட்டு மீண்டு வரும் என்பதுதான் அந்த எண்ணின் பொருளே. மீளவே இல்லை என்றால் எண் தவறு. முப்பது அணிகளும் ஆடும் ஒரு நாளில் பதினைந்து ஆட்டம். ஆகவே பருவம் முழுவதும் அநேகமாக நாளொன்றுக்கு ஒன்று வீதம், எங்கோ ஒரு மைதானத்தில், யாரோ ஒருவர் வாசலில் செருப்பை மாட்டும்போது இது நடந்துகொண்டிருக்கிறது. நீங்கள் அதைப் பார்ப்பதில்லை, ஏனென்றால் அது ஜூன் மாதத்துச் செவ்வாய்க்கிழமை ஆட்டமாக இருக்கும்.

அபூர்வம் எதில் என்றால், அது உலகத் தொடரின் ஏழாவது ஆட்டத்தில் நடந்ததில். ஏழாவது ஆட்டம் என்பதே எல்லா ஆண்டும் வருவதில்லை. 2019க்குப் பிறகு 2025இல்தான் தொடர் ஏழு வரை போனது. அந்தச் சிறிய கூடைக்குள் போய் எட்டு சதவீதம் விழுந்தது என்பது நீங்கள் நினைவில் வைத்துக்கொள்ளத் தகுந்தது. இதைவிடப் பெரிய மீட்சிகள் உண்டு. 2001 ஆகஸ்ட் 5 அன்று கிளீவ்லாந்து 14-2 என்று பின்தங்கியிருந்து சியாட்டிலை 15-14 என்று வென்றது. அந்த ஆண்டு 116 ஆட்டங்களை வென்ற சியாட்டில் அது. 1986 உலகத் தொடரின் ஆறாவது ஆட்டத்தில் நியூயார்க் மெட்ஸ் பத்தாவது இன்னிங்சில் இரண்டு ரன் பின்தங்கி, இரண்டு அவுட் ஆகி, பேஸில் ஒருவரும் இல்லாத நிலையிலிருந்து மூன்று ரன் எடுத்து வென்றது. 2011இல் செயின்ட் லூயிஸ் கார்டினல்ஸ், அதுவும் ஆறாவது ஆட்டம்தான், தோல்விக்கு ஒரே ஒரு ஸ்ட்ரைக் (மட்டையாளர் தவறவிடும் பந்து, மூன்று ஆனால் அவுட்) மீதம் என்ற இடத்தை ஒன்பதாவது இன்னிங்சிலும் பத்தாவது இன்னிங்சிலும் இருமுறை தொட்டுவிட்டு 10-9 என்று வென்றது. உங்கள் ஆட்டத்தை இவற்றோடு ஒரே வரிசையில் வைக்கலாம். தலைமேல் தூக்கி வைக்கத் தேவையில்லை.

பேஸ்பாலில் இது நடந்துகொண்டே இருப்பதற்குக் காரணம் ஆட்டத்தின் கட்டமைப்பு. நம் கடற்கரை ஊர்களில் கால்பந்து இறுதிப் போட்டி பார்த்து வளர்ந்தவர் நீங்கள். தூத்தூரிலோ வள்ளவிளையிலோ ஒரு அணி 1-0 என்று முன்னிலையில் இருந்தால் கடைசிப் பத்து நிமிடம் என்ன நடக்கும் என்று உங்களுக்குத் தெரியும். ஒருவருக்குக் கால் பிடித்துக்கொள்ளும், கோல்கீப்பர் பந்தை வைக்க இடம் தேடுவார், கூட்டம் கூச்சலிடும், விசில் அடிக்கும். கிரிக்கெட்டில் பந்துகள் தீர்ந்துபோகும். 2023 ஏப்ரலில் கொல்கத்தாவின் ரிங்கு சிங் கடைசி ஐந்து பந்துகளில் 28 ரன் தேவைப்பட்டபோது ஐந்து சிக்ஸர் அடித்து வென்றாரே, அங்கே தேவை 31 ஆக இருந்திருந்தால், எதிரணி வைடோ நோபாலோ வீசாதவரை, எந்த மனிதனாலும் முடியாது. (அதே பெயருள்ள இன்னொரு ரிங்கு சிங் 2008இல் தினேஷ் படேலோடு சேர்ந்து அமெரிக்க பேஸ்பால் அணி ஒன்றில் ஒப்பந்தமான முதல் இந்தியர்களில் ஒருவர். உத்தரப் பிரதேசத்து ஈட்டி எறிபவர்கள். பெயர்ப் பொருத்தம் என்பதால் சொன்னேன், வேறொன்றும் இல்லை.) பேஸ்பாலில் மணியும் இல்லை, பந்துக்கு எண்ணிக்கையும் இல்லை. முன்னிலையில் உள்ள அணி அந்த முன்னிலையின் மேல் படுத்துத் தூங்க முடியாது. இன்னிங்சுக்கு மூன்று வீதம் ஒன்பது இன்னிங்சுக்கு இருபத்தேழு அவுட், அந்த இருபத்தேழாவது அவுட்டை எடுத்தே தீர வேண்டும், எதிராளிக்கு அடிக்கத் தகுந்த பந்தை வீசியே தீர வேண்டும். 2023இல் பந்து வீசும் பிட்சருக்கு நொடிக் கணக்கு கொண்டுவந்தார்கள். அது சோம்பலைக் குறைத்தது, இந்த விதியைத் தொடவில்லை.

இனி, நீங்கள் ஒரே வரியில் கடந்துபோன இடத்துக்கு வருகிறேன். ‘பிறகு ஒன்பதாவது இன்னிங்சின் இரண்டாம் பாதியை எப்படியோ தப்பித்தோம்’ என்று எழுதியிருக்கிறீர்கள். அந்த ‘எப்படியோ’தான் எனக்கு அந்த ஆட்டம். ரோஹாஸின் ஹோம் ரன்னை ஆயிரம் முறை போட்டுக் காட்டுவார்கள். ஆட்டம் முடிவானது அதற்குப் பிறகு வந்த சில நிமிடங்களில்.

டொராண்டோவின் போ பிஷெட் அடித்து பேஸில் நின்றார், அவருக்குப் பதிலாக ஓட ஐசாயா கைனர்-ஃபலேஃபாவை அனுப்பினார்கள். அடிசன் பார்ஜர் நான்கு தவறான பந்துகளால் முதல் பேஸ் பெற்றார். டாட்ஜர்ஸ் அப்போது பிட்சர் யோஷினோபு யமமோட்டோவைக் கொண்டுவந்தது. முந்தைய நாள்தான் 96 பந்து வீசியவர். அவர் வந்ததும் ஒரு பந்து அலெஹான்ட்ரோ கர்க்கின் மேல் பட்டது, அதனால் அவருக்கும் முதல் பேஸ் கிடைத்தது. மூன்று பேஸும் நிறைந்தன, ஒரே ஒரு அவுட், ஸ்கோர் சமன். அந்த இடத்தில் டொராண்டோ ஒரு ரன்னாவது எடுக்கும் வாய்ப்பு மூன்றில் இரண்டு. அந்த ஒரு ரன் போதும், கோப்பை அவர்களுடையது. 1993க்குப் பிறகு முதல் கோப்பை.

டால்டன் வார்ஷோ தரையோடு அடித்த பந்து ரோஹாஸிடம் போனது. அவர் எடுக்கும்போது தடுமாறினார், சரிந்த உடம்போடு ஹோம் பிளேட்டுக்கு எறிந்தார். கேட்சர் வில் ஸ்மித். பேஸ்கள் நிறைந்திருப்பதால் ஓடி வருபவரைத் தொட வேண்டியதில்லை, பந்தைப் பிடித்துக்கொண்டு பிளேட்டில் கால் வைத்திருந்தால் போதும். கேட்பதற்கு எளிது. கேட்சரின் உடம்பு ஆண்டுக்கணக்காகப் பழகியிருப்பது வேறொன்றுக்கு: பந்தைப் பிடி, குனி, ஓடி வருபவனைத் தொடு. கால் பிளேட்டில் ஒட்டியிருக்க வேண்டும் என்பது முதல் பேஸ்காரனின் பழக்கம். எறி கொஞ்சம் உயர்ந்தால் கேட்சரின் உடல் தானாக எழும்பும், கால் தரையை விட்டுவிடும். ஸ்மித்தின் கால் எழும்பியது, மறுபடி பிளேட்டைத் தொட்டது, அதே கணத்தில் கைனர்-ஃபலேஃபாவின் கால் சறுக்கி வந்து சேர்ந்தது. அவுட். வீடியோவில் பார்த்தும் அவுட். என் மாணவர்களுக்குக் கற்பிக்கும்போது பந்து கையுறைக்குள் விழும் ஓசையைவிடக் குதிகாலைக் கவனி என்று சொல்லிச் சொல்லி வாய் வலித்திருக்கிறது. செம்மண் மைதானத்தில் ஐப்பசி மழைக்குப் பிறகு பிளேட் எது சேறு எது என்றே தெரியாது. அதனால் அந்தக் கால் திரும்ப வந்து தொட்ட இடத்தை நான் நிறுத்தி நிறுத்திப் பார்த்தேன்.

மூன்றாம் பேஸில் நின்ற கைனர்-ஃபலேஃபா பேஸை விட்டு அதிகம் நகராமல் நின்றார் என்பதை எல்லோரும் பேசுகிறார்கள். நகர்ந்து நின்றிருந்தால் ரன். இதில் உறுதியானது எது, ஊகம் எது என்று பிரித்துக்கொள்ள வேண்டும். மூன்றாம் பேஸிலிருந்து ஹோம் பிளேட் 90 அடி. இந்த மட்டத்து ஓட்டக்காரர் முழு வேகத்தில் நொடிக்கு 27 அடி போவார். ஒரு அடி கூடுதலாக நகர்ந்து நிற்பது நொடியில் இருபத்தைந்தில் ஒரு பங்கு அளவுக்கு லாபம். அவர் தவறவிட்டது அந்த அளவுதான். இது உறுதி. பேஸை ஒட்டி நிற்கச் சொல்லியிருந்தார்கள், பந்து தரையில் படாமல் நேராகக் கையில் போய் விழுந்தால், பேஸுக்குத் திரும்ப முடியாமல் அவரும் சேர்ந்து இரட்டை அவுட் (ஒரே பந்தில் இருவர்) ஆகிவிடக்கூடாது என்பதற்காக, என்று அவரே ஆட்டத்துக்குப் பிறகு சொன்னார். இதுவும் உறுதி. ஏன் அவ்வளவு பயம் என்பது என் ஊகம்: முந்தைய இரவு ஆறாவது ஆட்டம் முடிந்ததே அப்படித்தான். காற்றில் வந்த பந்தை டாட்ஜர்ஸின் கீக்கே ஹெர்னாண்டஸ் ஓடி வந்து பிடித்து இரண்டாம் பேஸுக்கு எறிய, வெகுதூரம் நகர்ந்து நின்ற பார்ஜர் திரும்பி வர முடியாமல் அவுட். அந்த எறியை வாங்கியவரும் இதே ரோஹாஸ்தான். வெள்ளிக்கிழமை அதிகம் நகர்ந்து ஆட்டத்தை இழந்த அணி சனிக்கிழமை நகரப் பயந்தது என்று நினைக்கிறேன். பயிற்சியாளனாக இருந்தவனுக்கு இது நன்றாகப் புரியும். நேற்றைய தவறுக்கு இன்று கொடுக்கும் மருந்து பெரும்பாலும் அளவு கூடிப்போகும். என்னைக் கேட்டால் அவரைத் திட்டுகிறவர்கள் ஒரு முறை மூன்றாம் பேஸில் போய் நின்று பார்க்க வேண்டும்.

அதோடு முடியவில்லை. அடுத்து எர்னி கிளமென்ட் அடித்த பந்து இடதுக்கும் நடுவுக்கும் இடையே வேலியை நோக்கி உயர்ந்து போனது. அந்த இன்னிங்சில்தான் களத்தில் இறக்கப்பட்ட ஆண்டி பாஹெஸ் நடுவிலிருந்து ஓடி வந்து, அதே பந்துக்குப் போன ஹெர்னாண்டஸைக் கீழே தள்ளி, அவர் மேலேயே தாவிப் பிடித்தார். இருவரில் ஒருவர் ‘எனது’ என்று கத்தினாரா, யார் காதில் விழுந்தது என்பதெல்லாம் அந்த இரைச்சலில் யாருக்கும் தெரிய வாய்ப்பில்லை. பள்ளிப் பிள்ளைகள் இப்படி மோதினால் இருவரையும் உட்காரவைத்துத் திட்டியிருப்பேன். பந்து கையில் இருந்தது, திட்ட வழியில்லை. பத்தாவது இன்னிங்சில் டாட்ஜர்ஸும் மூன்று பேஸையும் நிரப்பிவிட்டு ரன் எடுக்காமல் திரும்பியது. 11ஆவதில் இரண்டு அவுட் ஆன பிறகு ஸ்மித்தே ஹோம் ரன் அடித்தார். டொராண்டோ தன் பங்குக்கு முதல் ஆளாகவே கெரேரோ ஜூனியரை இரண்டாம் பேஸில் கொண்டுபோய் நிறுத்தி, மூன்றாம் பேஸ் வரை நகர்த்தி, கர்க்கின் இரட்டை அவுட்டில் முடிந்தது.

இதையெல்லாம் இவ்வளவு நீட்டிச் சொல்வதற்குக் காரணம், ‘ரோஹாஸ் அடித்ததும் ஆட்டத்தின் வேகம் நம் பக்கம் திரும்பிவிட்டது, அது உடம்பிலேயே தெரிந்தது’ என்று நீங்கள் எழுதியது. வர்ணனையாளர்கள் நாள்தோறும் சொல்லும் சொல் இது, எனக்கு ஒவ்வாத சொல்லும்கூட. வேகம் திரும்பியிருந்தால் அடுத்த பாதியில் டொராண்டோ எப்படி மூன்று பேஸையும் நிரப்பியது? ஒன்பது, பத்து, பதினொன்று என்று ஆட்டம் இரு பக்கமும் மாறி மாறிச் சாய்ந்ததை நாம் கண்ணால் பார்த்தோம். முடிவு தெரிந்த பிறகு திரும்பிப் பார்த்தால்தான் ஒரே திசையில் ஓடிய ஆறு போலத் தெரிகிறது. ஆனால் ‘அப்படி ஒன்று கிடையவே கிடையாது’ என்று அடித்துச் சொல்லவும் மாட்டேன். கூடைப்பந்தில் ‘கை சூடாகிவிட்டது’ என்ற நம்பிக்கை வெறும் மாயை என்று 1985இல் கிலோவிச், வலோன், ட்வெர்ஸ்கி மூவரும் ஓர் ஆய்வில் காட்டினார்கள். ஒரு தலைமுறை அதையே பாடமாக ஓதியது. 2018இல் மில்லர், சன்ஹுர்ஹோ என்ற இருவர் அந்த ஆய்வின் கணக்கிலேயே ஒரு சாய்வு இருக்கிறது, அதைத் திருத்தினால் சூடு கொஞ்சம் உண்மைதான் என்று காட்டினார்கள். ஆகவே ஒரு வீரரின் கை சில நாட்களில் சற்று நன்றாக ஓடலாம் என்பது வரை ஒப்புக்கொள்கிறேன். ஓர் அணி முழுவதையும் ஒரு ஹோம் ரன் தூக்கிச் செல்கிறது என்பதற்கு உங்கள் ஆட்டம் சாட்சி சொல்லவில்லை. ‘நெருக்கடியில் மட்டும் சிறக்கும் வீரர்’ என்ற நம்பிக்கையையும் இதே தட்டில் வைக்கலாம். அந்தப் பருவத்தின் வழக்கமான ஆட்டங்கள் முழுவதிலும் ரோஹாஸ் அடித்த ஹோம் ரன் ஏழு.

நீங்கள் திரும்பிச் செருப்பு மாட்டியதால்தான் அது நடந்ததா என்று பாதி வேடிக்கையாகக் கேட்டதற்கும் பதில் உண்டு. இல்லை. முழு உறுதி. உலகம் முழுவதும் கோடிக்கணக்கானவர்கள் அந்த நேரத்தில் ஏதோ ஒன்றைச் செய்துகொண்டிருந்தார்கள். அடுத்த ஆண்டு மறுபடி வாசலில் போய் நின்று பார்ப்பீர்கள் என்பதும் எனக்குத் தெரியும். தாராளமாகச் செய்யுங்கள், அம்மாவுக்காவது மகிழ்ச்சி.

உடம்பு நடுங்கியது பற்றி. இங்கே என் எல்லை குறுகியது. கடும் பதற்றத்தில் அட்ரினலின் சுரந்து இதயம் வேகமாக அடிப்பதும், கை நடுங்குவதும், பசி போவதும் ஆடுகிறவனுக்கு மட்டும் நடப்பவை அல்ல, பார்க்கிறவனுக்கும் நடக்கும். 1994 உலகக் கோப்பைக் கால்பந்து இறுதியைப் பார்த்த பிரேசில், இத்தாலி ரசிகர்களின் உமிழ்நீரைச் சோதித்தவர்கள், வென்ற பக்கத்து ரசிகர்களுக்கு டெஸ்டோஸ்டிரோன் ஏறியதையும் தோற்ற பக்கத்தாருக்கு இறங்கியதையும் கண்டார்கள். ஆட்கள் சிலரே, அதனால் அதை ஒரு குறிப்பாக மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். 2006 உலகக் கோப்பையின்போது மியூனிக் வட்டாரத்தில் செய்த ஆய்வு இதைவிடக் கனமானது. ஜெர்மனி ஆடிய நாட்களில் இதய அவசர நோயாளிகள் வழக்கமான நாட்களைவிட 2.66 மடங்கு. உங்கள் வயதில் ஒரு நடுக்கம் வந்து போனதற்காகப் பயப்பட ஒன்றுமில்லை. வீட்டில் இதய நோயுள்ள பெரியவர் உங்களோடு உட்கார்ந்து பார்க்கிறார் என்றால் அது வேறு பேச்சு, நெஞ்சுவலி என்று அவர் சொன்னால் இன்னிங்ஸ் முடியட்டும் என்று காத்திருக்காதீர்கள்.

கல்லறையில் சிரிப்பு வந்ததற்கு உளவியலில் ஒரு விளக்கம் இருக்கிறது, எனக்கு ஏற்புடையது. டால்ஃப் ஜில்மன் என்ற ஆய்வாளர் சொன்னது: ஒரு காரணத்தால் ஏறிய உடல் கிளர்ச்சி உடனே வடிவதில்லை. மனம் அடுத்த காரியத்துக்குப் போய்விடும், உடம்பு இன்னும் முந்தைய இடத்திலேயே நிற்கும், அப்போது வரும் புது உணர்வு எதுவானாலும் அந்த மீதிச் சூட்டையும் சேர்த்துக்கொண்டு பெரிதாகும். தோல்வி என்று மனம் முடிவு செய்து துக்கத்தில் இறங்கிய பிறகு வந்த வெற்றி இவ்வளவு இனிப்பதும் இதனால்தான் என்கிறார். எட்டு ரன் முன்னிலையில் வென்றிருந்தால் இந்த நடுக்கம் வந்திராது. அந்தச் சூட்டோடு நேராகப் பாட்டியின் முன்னால் போய் நின்றீர்கள், பாட்டியின் நினைவும் அதில் சேர்ந்து கண்ணீராக வந்தது. மரியாதைக் குறைவாக நடந்துவிட்டேனோ என்று கேட்டிருக்கிறீர்கள். பாட்டியை உங்களுக்குத்தான் தெரியும், எனக்குத் தெரியாது. ஆனால் பேரன் தன் முன்னால் வந்து சிரித்தான் என்று கோபித்துக்கொள்ளும் பாட்டியை இந்தக் கடற்கரையில் நான் பார்த்ததில்லை.

அந்நிய ஊரின் அணிக்காக ‘நாம் வென்றோம்’ என்று எழுதுவது பற்றிப் பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. 1976இல் ராபர்ட் சியால்டினி குழுவினர் அமெரிக்கப் பல்கலைக்கழக மாணவர்களிடம் கண்டது: தங்கள் அணி வென்றால் ‘நாம்’ என்றார்கள், தோற்றால் ‘அவர்கள்’ என்றார்கள். நம் மாவட்டத்தில் உலகக் கோப்பை வந்தால் தெருவுக்குத் தெரு அர்ஜென்டினாவுக்கும் பிரேசிலுக்கும் பேனர் கட்டுகிறோம். அங்கே யாருக்கும் சொந்தக்காரர் இல்லை. நீங்கள் டாட்ஜர்ஸின் ஜப்பானிய நட்சத்திரம் ஓட்டானிக்காகப் பார்க்கத் தொடங்கியவர், ஓட்டானி இருக்கும் இடம் உங்கள் அணி, முறைதான். ஒன்றை மட்டும் திருத்துகிறேன். ‘எளியவர்கள் வென்ற கதை’ என்று எழுதியது செல்லாது. டாட்ஜர்ஸ் அந்த ஆண்டு லீக்கிலேயே வீரர்களுக்கு அதிகம் செலவிட்ட அணி, ஓட்டானியின் ஒப்பந்தம் மட்டுமே பத்தாண்டுக்கு 70 கோடி டாலர். முந்தைய ஆண்டின் கோப்பையும் அவர்களிடம்தான். தோல்வியின் விளிம்பிலிருந்து மீண்டார்கள், அது அழகு. ஏழ்மையிலிருந்து மீளவில்லை.

டொராண்டோவில் இருக்கும் பெரியப்பா மகன் இரண்டு நாளாகத் தொலைபேசியை எடுக்கவில்லை என்று கடைசியில் எழுதியிருந்தீர்கள். அந்த நகரில் தமிழர்கள் நிறையப் பேர், அன்று இரவு பல வீடுகளில் தமிழிலேயே துக்கம் நடந்திருக்கும். வெற்றி முடிந்த நிமிடமே நீங்கள் அனுப்பிய அந்தச் சிரிப்புப் படங்களை அண்ணன் மன்னிக்கக் கொஞ்ச நாள் ஆகும். மறுபடி பேசும்போது கைனர்-ஃபலேஃபா எங்கே நின்றார் என்ற பேச்சை நீங்கள் எடுக்காதீர்கள். அவரே எடுப்பார். அப்போது, வெள்ளிக்கிழமை பார்ஜர் அவுட் ஆனதைச் சேர்த்துச் சொல்லுங்கள், வாதம் நன்றாகப் போகும்.

நம் மாவட்டத்தில் எங்கே ஆடலாம் என்ற கேள்விக்கு: நேராக பேஸ்பாலுக்குப் போகாமல் சாஃப்ட்பாலில் தொடங்குங்கள். பள்ளிப் போட்டிகளிலும் பல்கலைக்கழகங்களுக்கு இடையிலான போட்டிகளிலும் இரண்டுக்குமே இடம் உண்டு, ஆனால் சாஃப்ட்பாலுக்கு மைதானம் சிறியது போதும், அதனால் ஆள் சேர்ப்பது எளிது. கல்லூரியில் படிக்கிறவர் என்றால் உங்கள் உடற்கல்வி இயக்குநரைக் கேளுங்கள், இல்லையென்றால் நாகர்கோவில் அண்ணா விளையாட்டரங்கில் உள்ள மாவட்ட விளையாட்டு அலுவலகத்தில் விசாரியுங்கள். கையுறை நல்லதாக வாங்குங்கள், மட்டையை இரவல் வாங்கிக்கொள்ளலாம். கேட்சராக ஆட ஆசை என்றால் முகக் கவசமும் காலுக்கான காப்பும் இல்லாமல் ஒரு பந்துகூட வாங்க உட்காராதீர்கள்.